நல்லரத்தினத்தின் காரில் எல்லோருக்கும் நித்திரை வரும்

கொக்கட்டிச்சோலையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுள் நல்லரத்தினத்துக்கு மட்டும் தன் ஓட்டத்தைப் பற்றி எந்தச் சந்தேகமும் கிடையாது. முப்பது வருடம் ஸ்டேரிங் பிடித்த கை. காருக்கு அதைவிட வயது கூட. அதில் ஏறுகிறவர்கள் மண்முனைப் பாலம் வருமுன்பே தூங்கிப் போகிறார்கள் என்பதை இந்த மாரியில்தான் அவர் கவனித்தார். கவனித்ததோடு நில்லாமல் சந்தியில் நாலு பேருக்குச் சொல்லவும் தொடங்கினார்.

"தொட்டில்ல போட்ட மாதிரி. பள்ளம் எங்க, திட்டி எங்க என்டு எனக்குத் தெரியும்."

தெரியாத பள்ளமும் ஒன்று இருந்தது. மாரியின் முதல் மழையில் அதில் விழுந்து எழும்பியபோதுதான் பின் இருக்கைக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் வெடித்தது. கார் உழவு மெஷின் போல உறுமியது. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் இப்றாஹிம் குனிந்து பார்த்தார்.

"அண்ணன், குழாயும் உக்கிட்டு, மேல கார்ர அடித்தகடும் உக்கிட்டு. முழுசா மாத்தோணும். ரெண்டு நாள் உட்டுட்டுப் போங்க."

"ரெண்டு நாளா? செவ்வாயும் வெள்ளியும் சின்னத்தங்கம் அக்காவை ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்கு ஆர் கொண்டு போற, இப்றாஹிம் நானா?"

ஊரையே சுமக்கிறவருக்குக் கராஜில் நிற்க நேரம் ஏது? வீட்டுக்கு வந்து மீன் டின் ஒன்றை வெட்டி விரித்து, ஓட்டையில் சுற்றி, வேலிக்கம்பியால் இறுக்கினார். சத்தம் அடங்கியது. சத்தம் அடங்கினால் நோய் மாறிவிட்டது என்று நினைப்பவர் நாட்டில் அவர் ஒருவரல்ல. ஆனால் இது அவர் கதை.

சில கிழமைக்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. வெற்றிலை துப்பவென்று எப்போதும் நாலு விரல் இறங்கியிருக்கும் அவர் பக்கக் கண்ணாடியும் அன்று இறுக்கிப் பூட்டியிருந்தது. பின்னால் சின்னத்தங்கம், முன்னால் அக்காவின் மகள் சுலோஜனா. வயல் வட்டைகளைத் தாண்டுமுன்னே அக்காவுக்குக் கண் சொருகியது.

"பாத்தியா புள்ள, நித்திரை!" என்றார் நல்லரத்தினம். அவருக்கும் தலை இடித்தது; அக்கா தூங்குமுன் அவரிடம் சொல்லியும் இருந்தார். விடியத் தேத்தண்ணி குடிக்காததால் என்று எண்ணிக்கொண்டார்.

பாலத்தில் சுலோஜனா திரும்பித் தாயின் கையை உலுப்பினாள். "மாமா, அம்மா எழும்புறா இல்ல!" இருக்கையைத் தாண்டிப் பின்னால் போய்க் கண்ணாடியை இறக்கினாள்.

"சீட்டு நனையும் புள்ள" என்று வாயில் வந்தது நல்லரத்தினத்துக்கு. நல்ல வேளை, வெளியே வரவில்லை. அக்சிலேட்டரை மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் சிறுநீரக வருத்தத்தின் பழைய கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "வேற ஏதும் நடந்ததா?"

"ஒன்டும் இல்ல, டொக்டர். இவர்ர காரில அம்மா வழமையா நித்திரை கொள்ளுவாதான்" என்றாள் சுலோஜனா.

வழமையாக. போன கிழமை ஏறிய ரீச்சரும் தூங்கினார். காய்ச்சலோடு வந்த கைப்பிள்ளையும் தூங்கியது. நல்லரத்தினம் மட்டுமே நாலு விரல் காற்றில் விழித்திருந்தார். பேசாமல் நின்றால் எல்லாவற்றையும் சிறுநீரகத்தின் தலையில் போட்டுவிடலாம்.

"டொக்டர்... சைலன்சர் ஓட்டை. மீன் டின்னால சுத்தியிருந்தன். புகை உள்ளுக்க வந்திரிக்கும்."

டொக்டர் கொப்பியை எறிந்துவிட்டு ஒட்சிசனுக்கு ஓடினார். சுலோஜனா நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

மத்தியானம் அக்கா கண் திறந்தார். நல்லரத்தினம் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். சுலோஜனாதான் வெளியே வந்தாள்.

"அம்மா கேக்கிறா, உங்களுக்குத் தலையிடி மாறிட்டா என்டு."

"மாறிட்டு புள்ள. செவ்வாய்க்கு..."

"செவ்வாய்க்கு பஸ்ஸில போறம், மாமா."

பஸ்ஸில் அக்காவால் நிற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். எந்த பஸ் காலியாக வரும், எந்தப் பக்கம் இருந்தால் தூவானம் அடிக்காது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.