காரணம் தெரியாத நிழல்

1. ஆவணிக் கடைசியில் அத்தையின் சிறுநீரகத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள்.
2. படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. டாக்டர் சீட்டில் நோயின் பெயரை எழுதவில்லை.
3. அந்தச் சீட்டுக்கு எண் போட்டவள் நான்.
4. மாசியில் அத்தை இறந்தார்.

பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் ரிக்கார்டு அறையில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் எழுதும் நோய்களுக்குத் தடித்த புத்தகம் ஒன்றைப் பார்த்து எண் போடுவது என் வேலை. எக்ஸ்ரேயில் ஏதோ சரியில்லை, ஆனால் இன்ன நோய் என்று தெரியவில்லை என்றால் அதற்கும் எண்கள் உண்டு. குடலுக்கு ஒன்று, சிறுநீர் உறுப்புகளுக்கு ஒன்று. டாக்டர் எழுதாததை நாம் ஊகித்து எழுதக் கூடாது என்பது முதல் விதி. புற்று, காசநோய் என்று பெயர் எழுதிய சீட்டுக்காரர்கள் திரும்ப வராவிட்டால் அஞ்சலட்டை போட்டு அழைப்போம். பெயர் எழுதாதவை வேறு இழுப்பறைக்குப் போகும். அவற்றுக்கு அட்டை கிடையாது.

அத்தை அப்பாவின் அக்கா. நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு அடுத்த வீடு. சிறுநீரில் இரத்தம் போவதை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை கிணற்றடியில் என்னிடம் சொன்னார். நானே அழைத்துப் போனேன். கையில் ஊசி மருந்து ஏற்றி வரிசையாகப் படம் எடுத்தபோது, "கல்யாணத்துக்குக்கூட எனக்கு இத்தன படம் புடிக்கல அம்முணி" என்றார். 'இடது சிறுநீரகத்தில் நிழல், காரணம் தெரியவில்லை, ஒரு மாதத்தில் மறுபடம்' என்று டாக்டர் எழுதினார். விதிப்படி எண் போட்டேன். சரியான எண்தான்.

பஸ் ஸ்டாண்டில் அத்தை கேட்டார்: "என்ன நோவுன்னு எழுதிப்போட்டே?"

"நோவுன்னு எதுவும் எழுதலைங்க அத்தை. அடுத்த மாசம் இன்னொரு படம் எடுக்கோணும்."

முதல் வாக்கியத்திலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் மாமாவிடம், "ஏனுங்க, எனக்கு நோவே இல்லையாமா. ரெண்டாந்தாரம் கட்டுற யோகம் உங்களுக்கு இல்லீங்க" என்றார். மாமா சிரித்தார். அந்த வீட்டில் யாரும் சிரித்து நாளாகியிருந்தது. அப்போதே திருத்தியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

புரட்டாசியில் இரண்டாம் போக நடவு. மறுபடத்தை நினைவூட்டினேன். "நோவில்லாதவளுக்கு எதுக்குப் படம்? நடவு முடியட்டும்" என்றார், சேற்றில் நின்றபடி. சுற்றிலும் நடவுப் பெண்கள். அவர்கள் முன்னால் இரத்தத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. நடவு முடிந்து களையெடுப்பு வந்தது. நான் திங்கள்தோறும் அஞ்சலட்டை எழுதினேன், சித்தூருக்கு, கோபாலபுரத்துக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு. அத்தைக்கு எழுதவில்லை. வாரம் தவறாமல் பார்க்கிறவருக்கு அட்டை எதற்கு என்று நினைத்தேன்.

மார்கழியில் இடுப்பை நிமிர்த்த முடியாமல் வந்தார். இரண்டாவது படத்தைப் பார்த்து டாக்டர் நோயின் பெயரை எழுதினார். பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் புது எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அறுவைச் சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அத்தை என்னைக் குறை சொல்லவில்லை. "உனக்குத் தெரியாமப் போச்சு, பாவம்" என்றார், ஒரே ஒரு முறை. எனக்குத் தெரியும்.

ஓராண்டு ஆகிறது. நான் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாத எண்களுக்கும் இப்போது அட்டை போகிறது. மாமா தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். படம் எடுத்தபோது நோய் இல்லை, பிறகுதான் வந்தது என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். "எங்க அம்முணியே பாத்துச் சொல்லுச்சுங்க" என்கிறார். நான் இன்னும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.