ஜமால் பாய் பாதியில் விட்டுப் போன ஃபைனல்

ஜமால் பாய் இன்று காலை இறந்துவிட்டார்... செல்வம்தான் போன் செய்தான். "பாய் போயிட்டாருடா" என்றான்.

தெரியாதவர்களுக்காக... பெரம்பலூரில் எங்கள் ஃபுட்பால் டீமுக்கு அவர்தான் மேனேஜர். நான் கேப்டன், செல்வம் கோல் கீப்பர்.

பாய்க்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. ஆனால் ஊரில் இருந்த நாட்கள் குறைவு. சென்னை லீக், பெங்களூரில் ஒரு ஃபேக்டரி டீம், கல்கத்தாவில் இரண்டு சீசன், மலப்புறத்தில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ், கடைசியாக ஷார்ஜாவில் ஒரு கம்பெனி டீம். முட்டி போன பிறகு, 97-ல்தான் திரும்பி வந்தார்.

முதல் டோர்னமென்ட்டுக்கு எங்களிடம் ஜெர்சி இல்லை. தான் ஆடிய டீம்களின் பழைய ஜெர்சிகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு... "ஒரே கலர்ல இல்லன்னா ரெஃப்ரி உள்ள வுட மாட்டாருடா" என்று அண்டாவில் கறுப்புச் சாயம் காய்ச்சி, எல்லாவற்றையும் முக்கி எடுத்தார்.

அரை மணி நேரம் ஆடியதும் வியர்வையில் சாயம் இறங்கி, பதினோரு பேர் உடம்பும் கறுப்பு. ஜெயித்தோம். ஒரு வாரம் தேய்த்துக் குளித்தும் போகவில்லை.

இனி எழுதப்போவது இதுவரை யாரிடமும் சொல்லாதது.

2003. அரியலூரில் ஃபைனல். ஜெயிக்கிற டீமில் இரண்டு பேருக்கு ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை என்று பேச்சு. அதில் ஒன்று எனக்கு என்று எங்கள் கிளப் செகரட்டரி சொல்லியிருந்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வீட்டில் கைக்குழந்தை.

1-0. கோல் போட்டது நான். இன்னும் கால் மணி நேரம்தான்.

ஒரு கார்னர் பந்துக்குச் செல்வம் எகிறினான். எதிர் டீம் ஆளின் முட்டி அவன் நெற்றிப்பொட்டில் மோதியது. அப்படியே விழுந்தான்.

இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டான். ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல, ஆடுறேன்" என்றான். பாய் நொண்டிக்கொண்டே உள்ளே ஓடிவந்தார்.

"செல்வம், கோல் போட்டது யாரு?"

செல்வம் என்னைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். "இன்னும் யாரும் போடலையே பாய்..."

பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான். என் காதிலும் விழுந்தது.

"வெளிய வா" என்று பாய் அவன் கையைப் பிடித்தார்.

"பாய், மாத்து ஆளுங்க மூணு பேரும் இறங்கியாச்சு. பத்து பேராயிடுவோம். கோல்ல யாரு நிப்பா?" என்றேன்.

"நீ நில்லு."

"அடி பட்டதுல குழம்பிட்டான் பாய். தலையில தண்ணி ஊத்துனா சரியாயிடும். கால் மணி நேரந்தானே..."

அவர் செல்வத்தின் கிளவுஸைக் கழற்றி என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். ஆமாம், பிடித்தேன். பட்டன் தெறித்தது. "ஊரூரா ஓடுனவருதானே நீங்க... எங்க பொழப்பு உங்களுக்கு எங்க தெரியும்?" என்று கத்தினேன்.

என் கையை விலக்கிவிட்டு, செல்வத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். ரோட்டில் யாருடைய காரையோ நிறுத்தி ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார். மேட்ச் முடியக்கூட இல்லை.

கிளவுஸுக்குள் செல்வத்தின் வியர்வை ஈரம். இரண்டு கோல் விட்டேன். இரண்டாவது கடைசி நிமிடத்தில்.

"மேட்ச் நடக்கும்போதே ஓடிப்போனவன் மேனேஜரா?" என்று செகரட்டரி அன்றைக்கே பாயை நீக்கினார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள்தான் தகவல் வந்தது. லால்குடி தாண்டும்போது செல்வத்துக்கு வலிப்பு. மண்டைக்குள் ரத்தம் கட்டி, போனவுடனே ஆபரேஷன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதே சட்டை... பட்டன் இருந்த இடத்தில் ஒரு ஊக்கு. என்னென்னவோ சொல்ல நினைத்துப் போயிருந்தேன்.

அவரே கேட்டார். "ரெண்டாவது கோல் எந்தப் பக்கம் போச்சு?"

"இடது பக்கம் பாய்."

"நீ வலது பக்கம் பாஞ்சிருப்ப."

"ஆமா பாய்."

"நானா இருந்தாலும் அப்படித்தாண்டா" என்று பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

பிறகு உடையார்பாளையம் டீமுக்கு மேனேஜராகப் போனார். 2007-க்குள் எங்களையே இரண்டு முறை தோற்கடித்தார்.

நான் சட்டையைப் பிடித்தது ஊருக்கே தெரியும். "உனக்கு அப்ப ஒண்ணும் தெரியாதுல்லடா, வுடு" என்று செல்வம்தான் என்னைத் தேற்றுவான். பாய் பக்கத்தில் இருக்கும்போதே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

பாய் ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். செல்வம் பைக்கில் வந்துகொண்டிருக்கிறான், சேர்ந்துதான் போகிறோம்.

செல்வம்... எனக்குத் தெரியும்டா. அன்றைக்கு கிரவுண்டில் நீ பாயிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

போயிட்டு வாங்க பாய்...