செல்வி கொண்டுபோன மண்

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், ஐஸ் பெட்டியோடு லிஃப்டில் ஏறினால் எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். பெட்டிக்குள் சற்றுமுன் பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடி இருக்கும். சீட்டில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து உறைய வைக்கிறார்கள். பிற்பாடு ரத்த நோய்க்கு மருந்தாகுமாம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். திருப்பூர் சாயப்பட்டறை, இங்கே கப்பல் பட்டறை என்று சுற்றியதில் இதுதான் உடம்பு நோகாத வேலை.

ஊரில், எரியோட்டில் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது நஞ்சுக்கொடியைப் புதைக்கக் கொல்லையில் குழி தோண்டியவன் நான்தான். முழங்கால் ஆழம். மேலே முள்ளும் கல்லும் வைத்து மூடினேன். தங்கை அந்த இடத்தில் நின்றுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

அப்படிப்பட்ட என்னைத்தான் செல்வியிடம் கையெழுத்து வாங்க அனுப்பினார்கள். எங்கள் பக்கத்துக் கன்னிவாடிப் பெண், அன்றுதான் பிரசவமானவள். வெல்டர் கணவன் வேலையில் இருந்தான். நர்ஸ் இங்கிலீஷில் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. கொடுக்காவிட்டால் குப்பைக்குப் போகும், சம்மதமா என்று கேட்கச் சொன்னாள். செல்வி படிவத்தைப் பார்த்தாள்.

"இது புதைக்கத்தானேண்ணே?"

எல்லாவற்றுக்கும் பெர்மிட் கேட்கும் ஊரில் அவள் அப்படி நினைத்தது தப்பில்லை. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆமா தாயி."

"ஆழமாத் தோண்டச் சொல்லுங்க. நாய் கெளறிப்புடும்."

"இங்கன தெருநாயே கெடையாது" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மறு வருடம் கணவனுக்கு வேலை போனது. ஊர் திரும்புமுன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, புதைத்த இடத்தைக் கேட்டாள். கார் நிறுத்தும் இடத்து மரத்தைக் காட்டினேன். குனிந்து கையால் மண்ணைப் பறித்தாள். ஓடிவந்த காவலாளியிடம் சாவி தொலைந்துவிட்டது என்றேன். பாவம், அவரும் குனிந்து தேடினார்.

"நம்ம கொல்லையில போட்டாத்தேன் இவன் அங்க நெலைப்பான்" என்று மண்ணைப் பாலித்தீன் பையில் முடிந்துகொண்டாள்.

அந்த மண்ணின் மேல்தான் தினமும் பையனைக் குளிப்பாட்டுகிறாளாம். ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லி இரண்டு முறை போன் செய்தாள். பையனின் கொடியில் எடுத்தது இங்கே எண்ணோடு உறைந்து கிடக்கிறது. இரண்டு முறை ஊருக்குப் போனேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கன்னிவாடி பஸ் புறப்படும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஏறவில்லை.