காலி ஏனம்

இங்கிலாந்துக்குப் போன புதிதில், கடைக்காரப் பெண் "ஆல் ரைட்?" என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தியாவது கேட்டாளே என்று, குளிரில் தூக்கம் வராததையும் முழங்கால் வலியையும் சொல்ல ஆரம்பித்தேன். அவளோ எனக்குப் பின்னால் நின்றவரிடமும் அதையே கேட்டாள். அங்கே அது வணக்கம் மாதிரி என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். வணக்கம் என்றால் வணக்கம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, நலம் எதற்கு விசாரிக்கிறார்கள்?

அவர் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் திரும்புவார். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அந்த இங்கிலாந்துத் தெருவின் அமைதி என்னைப் பயமுறுத்தியது. போய் உட்கார்ந்து பேச எனக்கு ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எப்போதாவது டீ குடிக்க அவசியம் வாருங்கள்" என்றார். மறுநாளே போய்விட்டேன். மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு, டம்ளரில் வேகவைத்த எங்கள் ஊர்க் கோயில் இட்லி ஒரு டப்பா நிறைய. எங்கள் தெரு வழக்கப்படி பின்கதவைத் திறந்து, குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அந்த அம்மாள் பதறி எழுந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு "லவ்லி, லவ்லி" என்றார். உட்காரச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அசடு வழிய நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த நாள் டப்பா எங்கள் வாசற்படியில் இருந்தது. பளபளவென்று கழுவி, மேலே நன்றி என்று ஒரு சீட்டு ஒட்டி. உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் வாங்கிய ஏனத்தை யாரும் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். எதுவும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போடுவார்கள். காலியாக வந்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கு முழுக்க அழுதேன். பிறகு அந்த வேலிப் பக்கமே போகவில்லை. தெருவில் பார்த்தால் அந்த அம்மாள் "ஆல் ரைட்?" என்பார். நானும் "ஆல் ரைட்" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவேன்.

போன ஆடியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா, சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவர், ஒரு தூக்கு நிறையக் கூழ் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் தூக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் வெளியே நின்று பெல் அடித்தேன்.

அக்கா தறியை விட்டு எழுந்து வந்தார். "நீயா? பெல் அடிச்சிகினு நிக்கிற, நான் யாரோ எவரோன்னு வரேன்!" என்று சிரித்தார்.

"தேங்க்ஸ்கா" என்று தூக்கை நீட்டினேன். வாங்கியதும் மூடியைத் திறந்து பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏம்மா, அக்கா மேல எதனா கோவமா?"

இந்தக் கேள்வியை அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.