காலர் மைக்கில் விழுந்த குரல்

கல்யாண வீடியோக்காரனுக்கு மைக் எதற்கு? சாயல்குடியில் நான் வீடியோக் கடை வைத்திருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்ததே இல்லை. தோளில் ஏற்றிப் பிடிக்கிற பெரிய கேமரா என்னுடையது. அதன் நெற்றியிலேயே ஒரு மைக் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எதைக் கேட்டால் எனக்கென்ன? கல்யாணமோ காதுகுத்தோ சடங்கோ, எடுத்துக்கொண்டு வந்து, அதில் இருக்கிற சத்தத்தை எல்லாம் துடைத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டை ஓடவிடுவதுதான் எங்கள் தொழில். பெண்ணைப் பெற்றவள் அழுவதும் மச்சினன்கள் கேலி பேசுவதும் பாட்டுக்குள் போய்விடும். ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். “நல்ல பாட்டாப் போடுங்கண்ணே” என்பார்களே தவிர, தங்கள் பேச்சு கேட்க வேண்டும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

என் மனைவிக்குத் தொண்டை கம்மத் தொடங்கியபோது மிளகாய் நெடி என்றுதான் நினைத்தோம். எங்கள் கொல்லையில் அந்த வருஷம் குண்டு மிளகாய் நல்ல விளைச்சல். காய வைத்து அள்ளியது எல்லாம் அவள்தான். கஷாயம் குடித்தாள், பனங்கற்கண்டு போட்டுக்கொண்டாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் மதுரைக்குக் கூட்டிப் போனோம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கட்டி குரல்வளையைப் பிடித்துவிட்டது, அதை எடுத்தால்தான் உயிர், எடுத்தால் பேச்சு வராது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த மாதம் ஆபரேஷன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மடியில் எங்கள் மகள் தூங்கினாள். மூன்று வயசு. பரமக்குடி தாண்டியதும் என் மனைவி கேட்டாள்.

“மாமா, இவளுக்கு என் சத்தம் ஞாபகம் இருக்குமா?”

“ஏன் இருக்காது? பேசாம வா” என்று எரிந்து விழுந்தேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஊரில் பாதி வீட்டுக் கல்யாணத்தைப் படம் பிடித்தவன் வீட்டில் இவள் குரல் ஒரு கேசட்டில்கூட இல்லை. எங்கள் கல்யாண கேசட்டில் இவள் வாய் அசையும், கேட்பதெல்லாம் பாட்டுத்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதை. எப்பாடுபட்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் இவள் குரலை மகளுக்குப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் காலையிலேயே முற்றத்தில் அவளை உட்கார வைத்து எடுத்தேன். ஆனி மாதம். மாரியூர்க் கடல் பக்கத்திலிருந்து கச்சான் காற்று பனைகளை உலுக்கிக்கொண்டு வருகிற நாட்கள். போட்டுப் பார்த்தால், மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி ஒரே குர்ர்ர். அதற்கு நடுவில் அவள் வாய் அசைகிறது. கல்யாண கேசட்டாவது பாட்டுப் பாடியது! வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். காற்று போய்விட்டது. அதற்குப் பதில் கேமராவுக்குள்ளே கேசட் சுற்றுகிற மோட்டார் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன குரல் அவளுக்கு. எட்ட நிற்கிற கேமராவுக்கு எப்படிக் கேட்கும்? இத்தனை நாள் சோறு போட்ட கேமராவை அன்று தூக்கிக் கிணற்றில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

கேமராவின் பக்கவாட்டில் வெளி மைக் சொருக ஒரு துளை உண்டு. வாங்கிய நாளிலிருந்து ரப்பர் மூடி போட்டு மூடியே கிடந்தது. அதைத் திறந்தேன். ரேடியோ செட் கட்டுகிறவரிடம் போய், கையில் பிடித்துப் பேசுகிற மைக் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் மைக் என்றால் அது வீட்டுச் சாமான் இல்லை, ஊர்ச் சாமான். கோயில் கொடை நடந்தால், சீர் வந்தால், ஓட்டு வந்தால், எவராவது கூம்பு ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று அறிவிப்பார். வேறு எதற்கும் யாரும் மைக்கைத் தொட்டதில்லை. மைக் கைக்கு வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தமிழே மாறிப் போகும். இவளும் மைக்கை வாங்கினாள், விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள், “ஹலோ, ஹலோ” என்று ஊதினாள், சேலையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

“அன்புள்ள மகளுக்கு உன் தாயார் பேசுவது என்னவென்றால்...”

“நிப்பாட்டு! உன் தாயாராமே, தாயார்! உன் வாயில என்னைக்காவது அந்தச் சொல்லு வந்துருக்கா? எப்பவும் பேசுற மாதிரிப் பேசு.”

“மைக்கப் பிடிச்சுக்கிட்டு வேற எப்படிப் பேசுவாக?”

“வீட்டுல பேசுற மாதிரி.”

“சரி மாமா” என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாசமிகு மகளே, நீ நல்ல முறையில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்றாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல், இருமினால் வலி. மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைத் திட்டிய வாயை எதில் போய்க் கழுவுவது என்று எனக்குத் தெரியவில்லை. இவள் கையில் மைக் இருக்கிறவரை இவள் பேசமாட்டாள், ஊர்தான் பேசும் என்பது மட்டும் புரிந்தது.

அதற்காகவே மதுரைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் மூன்று மைக்கை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, முழ நீளத்துக்குக் குழாய் மாதிரி; கேமரா மேலே மாட்டினால் நேரே வருகிற சத்தத்தை மட்டும் வாங்கும். ஆனால் பேசுகிறவள் கிட்டத்தில் இருக்க வேண்டும், காற்றடித்தால் அதற்கும் ஆகாது. இன்னொன்று, ஒயரே இல்லாதது. காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டேன். இடையிடையே வேறு எங்கேயோ பேசுகிறவன் சத்தம் வந்து கலந்தது. என் மனைவி பேச்சுக்கு நடுவில் எவனோ ஒருத்தன் பேச வேண்டுமா? தள்ளி வைத்தேன். மூன்றாவது, சட்டைக் காலரில் குத்துகிற மைக். ஒரு கடலைப் பருப்பு அளவுதான் இருந்தது. நீளமான ஒயர். வாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் நின்றுகொள்ளும், கண்ணுக்குத் தெரியாது.

“மாட்டுனதே மறந்து போயிரும்ணே, அதான் இதுல விசேஷம்” என்றார் கடைக்காரர். பிறகு வழக்கம்போல, “என்ன ஃபங்ஷன்ணே?” என்றார்.

என்னவென்று சொல்வது? “வீட்டு விசேஷம்” என்றேன். “நல்லது, நல்லது” என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார். படி இறங்குவதற்குள் கண் கலங்கிவிட்டது.

காலர் மைக் செய்தவன் எங்கள் பெண்களைப் பார்த்ததில்லை போலும். காலருக்கு எங்கே போவது? மாராப்பு மடிப்பில் குத்தினேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசச் சொன்னேன். அவள் மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் டக், டக் என்று தாலிக் குண்டு மைக்கில் வந்து இடித்தது. பேச்சைவிட அந்த இடிதான் பெரிதாகக் கேட்டது.

“அதைக் கொஞ்ச நேரம் கழட்டி வையேன்” என்றேன். தொழில் ஞாபகத்தில் வாய் தவறி வந்த பேச்சு.

அவள் முகம் மாறிவிட்டது. “என்ன பேச்சு பேசுறீக? எப்படியும் ஆசுபத்திரியில கழட்டத்தான் போறாக. இங்கன நீங்களும் ஆரம்பிக்காதீக” என்றாள். அவளே தாலியை ரவிக்கைக்குள் விட்டு, மைக்கை எடுத்துத் தோள்பட்டை ஓரத்தில் ஊக்கால் குத்திக்கொண்டாள். இலவம்பஞ்சைத் துளிக் கிள்ளி, வெள்ளைத் துணியில் வைத்து மைக்கின் தலையில் கட்டினேன். காற்றுச் சத்தம் நின்றது. ஹெட்போனில் அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

இனி பேச வேண்டியதுதான். ஸ்டாண்டில் கேமராவை ஓடவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் கேமராவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “என்னத்தச் சொல்ல மாமா?” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. நல்லா இரு, நல்லாப் படி என்று எதையாவது சொல்லேன் என்றால் தலையை ஆட்டுகிறாள், பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறத்தை இழுத்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். போகட்டும், கேசட் ஓடினால் ஓடட்டும் என்று நானும் வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். ஹெட்போனைக் கழற்றவும் தோன்றவில்லை.

பக்கத்தில் தட்டில் மகளுக்குப் பிசைந்து வைத்த சோறு. அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு நழுவி வாசலுக்கு ஓடிவிட்டாள். இவள் தட்டைப் பார்த்தாள். வெங்காயத்தைக் கீழே போட்டாள்.

“ஏ ஆத்தா! சோத்த வச்சுட்டு எங்கிட்டுப் போன? ஈ மொய்க்குது பாரு. இங்கன வா... வாரியா, கம்ப எடுக்கவா? ஏ... என் ராசாத்தில்ல, ஒரு வாயி தின்னுட்டுப் போடி!”

அதட்டலில் தொடங்கிக் கெஞ்சலில் முடிகிற அதே குரல். நாளெல்லாம் வீட்டில் கேட்கிற குரல். கம்மல் இருந்தது, ஆனாலும் அவள்தான். வெளியிலிருந்து மகள் “இந்தா வாரேம்மா” என்று கத்தியதும் தூரத்தில் விழுந்தது. நான் துள்ளி எழுந்து, “சிக்கிருச்சு!” என்று கத்தினேன்.

“என்னது?” என்றாள் அவள்.

“உன் சத்தம்!”

அவள் தோளைக் குனிந்து பார்த்தாள். மைக் இருப்பதையே மறந்திருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து வந்தாள். கழுத்தில் துளை, அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி. வேண்டியதைக் கை தட்டிக் கேட்பாள், உதட்டை அசைத்துச் சொல்வாள். பார்க்க வந்த ஜனங்கள் வாய் போனவளுக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே கத்தினார்கள். ஒருத்தரைக் கை ஓங்காத குறையாக விரட்டினேன். மகள்தான் கெட்டிக்காரி. அம்மா கை தட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வரப் பழகிவிட்டாள்.

ஒரு சாயங்காலம், மூவரும் இருக்கையில், கேசட்டைப் போட்டேன். என் மனைவி டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகள் வாசல்படியில் விளையாடிக்கொண்டிருந்தாள். “ஏ ஆத்தா! சோத்த வச்சுட்டு எங்கிட்டுப் போன?” என்று குரல் வந்ததும் குழந்தை கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, “இந்தா வாரேம்மா!” என்று ஓடி வந்தாள். அம்மாவைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். டி.வி.யில் கையை வைத்தாள், பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். என் மனைவி கை தட்டிக் கூப்பிட்டாள். மறுபடியும் தட்டினாள். மகள் திரும்பி உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினாள்.

“ச்சூ... சும்மா இரு. அம்மா கூப்பிடுது.”

என் மனைவி எழுந்து டி.வி.யை நிறுத்தினாள். கேசட்டை உருவி என் கையில் வைத்து, பரண் பக்கம் கையைக் காட்டினாள். அவள் உதடு என்ன சொன்னது என்று எனக்குப் புரியவில்லை. அழுகையில் அது கோணிப்போயிருந்தது. அவள் உயிரோடு இருந்தவரை அந்தக் கேசட்டை நாங்கள் எடுக்கவில்லை.

நோய் திரும்பி வந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு பரணில் ஏறிக் கேசட்டை எடுத்தேன். இதற்காகத்தானே இத்தனை பாடு! மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டேன். திரையில் அவள் வந்தாள். வெங்காயம் உரித்தாள். கூப்பிட்டாள். “ஏ... என் ராசாத்தில்ல, ஒரு வாயி தின்னுட்டுப் போடி!”

மகள் எழுந்திருக்கவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இது யாரு சத்தம் அய்யா?”

“அம்மா சத்தந்தான், ஆத்தா.”

“அம்மா பேசாதுல்ல? நீங்க கடையில பாட்டுப் போடுற மாதிரி, வேற யாரோ சத்தத்தப் போட்ருக்கீங்க.”

என் மனைவி செத்த அன்றுகூட நான் அப்படி அழுததில்லை. முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல், வாய்விட்டு அழுதேன். மகள் பயந்துபோனாள். கிட்டத்தில் வந்து என் கையை விலக்கினாள். பாவாடை நுனியால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, “அழாதீங்க அய்யா. சரி, அம்மா சத்தந்தான்” என்றாள்.