தீவுக்கு வழி எழுதுகிறவள்

தீவிலுள்ள ஆய்வு நிலையத்தில் பயிலரங்குக்கு வருகிறவர்களுக்கு வழி எழுதி அனுப்புவது மூன்று வருடமாக என் வேலை. பஸ் புதுக்கோட்டை தாண்டியதும் போன் செய்யுங்கள், படகில் பின்பக்கம் உட்கார்ந்தால் அதிகம் நனையமாட்டீர்கள், எல்லாம் எழுதுவேன்.

நான் தீவுக்குப் போனதில்லை.

இன்று காலை பதினான்கு பேரை ஏற்றிவிட்டேன். படகோட்டி அண்ணாச்சி கேட்டார், "ஏளா, ஊருக்கெல்லாம் வழி சொல்லுத. நீ ஏறலையா?"

"அனுமதிப் பட்டியல்ல என் பேரு இல்ல அண்ணாச்சி."

பட்டியலை டைப் செய்ததும் நான்தான்.

மதியம், காலைப் படகில் போன சென்னைப் பெண்ணிடமிருந்து வாட்ஸப். "அக்கா, வழி கரெக்டா இருந்துச்சு. ஒரே ஒரு திருத்தம். தீவுல இறங்கினதும் நிலையம் இடது பக்கம். நீங்க வலதுன்னு போட்டிருக்கீங்க." கூடவே ஒரு போட்டோ.

போய் அரை நாள் ஆகவில்லை. அதற்குள் திருத்தம்.

வலது என்று எனக்குச் சொன்ன அண்ணாச்சியையே போனில் பிடித்தேன். "நான் நங்கூரக் கயித்தப் புடிச்சிக்கிட்டு கடலப் பாத்துல்லா நிப்பேன். எனக்கு அது வலதுதான்" என்றார்.

போட்டோவை இன்னும் திறக்கவில்லை.

தீவுக்குப் போய்வந்தவர்கள், நான் எழுதிய வழியில் வேறு தவறு இருந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.