மெட்ராஸில்தான் ஏறுவேன்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

ஒரகடம் கார் கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் செல்வி, என்னைக் கப்பலில் சுற்றுலா கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

“யம்மா, மும்பைல ஏறலாம். பெரிய கப்பலு. அதுவரிக்கும் பிளேன்ல போலாம்.”

“போடி! அங்க வழியனுப்ப யாரு வருவா? மெட்ராஸ்லயே ஏறுறேன்.”

எங்கள் மண்ணூரில் ஒருத்தி வெளியூர் போனாலே தெருவே பஸ் நிறுத்தம் வரை வரும். கப்பல் என்றால் விடுவார்களா? கம்பெனி பஸ் ஓட்டும் எதிர்வீட்டு ஏழுமலை, ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துத் தெருவையே ஏற்றி வந்தான். துறைமுக வாசலில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடவில்லை. இவர்களுக்காகப் பிளேனையே வேண்டாமென்றவள் நான்! அழுகை வந்துவிட்டது.

கப்பல் நகர்ந்ததும் செல்வியின் போன் அடித்தது. ஏழுமலைதான்.

“பெரிம்மா, காசிமேட்டு கரையில நின்னுகினு கீறோம். பஸ் லைட்டு போடுறேன், பாரு!”

இருட்டத் தொடங்கிய கரையில் இரண்டு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். யாருக்கென்று தெரியாமலே பக்கத்திலிருந்த வடநாட்டு அம்மாவும் கையாட்டினாள்.

ஊர் திரும்பியதும், கடலில் என்ன பார்த்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள்.

“உங்களத்தான் பாத்தேன்” என்றேன்.

சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.